அச்சிட்ட கடிதம் எங்கே போனது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாதத் தொடக்கம். அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பத்து நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பாசிரியரும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். ‘உடம்பு சரியில்லை’ என்றார்கள். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி தெருமுனை வரை கூடவே நடந்து வந்து, தை மாதம் கல்யாணம் வைத்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். அன்றே 1098-க்குப் பேசினோம். எழுத்து மூலமாகவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தெரிவித்துவிடலாம் என்றார் தலைமை ஆசிரியர்.

நான் கணக்கு ஆசிரியை. எங்களுடையது உயர்நிலைப் பள்ளி. கணினி ஆசிரியர் கிடையாது. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. எனவே மாலை நான்கரை மணிக்கு ஆய்வகக் கணினியில் உட்கார்ந்து கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். மாணவியின் பெயர், வயது, தந்தை பெயர், முகவரி, பாட்டி சொன்ன செய்தி, எல்லாம் ஒரே பக்கத்தில். பக்கத்துக் கட்டடத்தில் உள்ள அலுவலக அச்சுப்பொறியும் அதே கணினியில் இணைக்கப்பட்டிருந்தது. வேர்டு திரையின் மேல் ஓரத்தில் இருக்கும் சிறிய பிரிண்டர் படத்தைச் சொடுக்கிவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எதுவும் வந்திருக்கவில்லை. திரும்பி வந்து இன்னொரு முறை சொடுக்கினேன். அப்போதும் வரவில்லை. நேரமாகிக்கொண்டிருந்தது. கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப்போய் அலுவலகக் கணினியிலிருந்து அச்சிட்டு, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். பென் டிரைவில் இருந்ததை மறக்காமல் அழித்தேன். கவனமாக இருந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் முதல் பாடவேளையில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் வினாடி வினாப் பயிற்சிக்காக ஆய்வகத்துக்கு வந்தார்கள். சுவிட்சுகளைப் போட்டதும் யாரும் எதுவும் கேட்காமலே ஆய்வக அச்சுப்பொறி தானாக ஓடியது. நான் வருகைப் பதிவேட்டை வைத்துவிட்டு உள்ளே நுழைந்தபோது ஒரு மாணவன் நான்காக மடித்த தாளை என்னிடம் நீட்டினான். “மிஸ், இது பிரிண்டர்ல தானா வந்துச்சு. மேல ஹெச்.எம். சார் பேரு இருந்துச்சு, அதான் மடிச்சுட்டேன்” என்றான்.

பிரித்துப் பார்த்தேன். நேற்றைய கடிதம். அவன் எத்தனை வரி படித்திருப்பான் என்று அப்போது யோசிக்கவில்லை. நான் இரண்டு முறை சொடுக்கினேன் என்பதுதான் உடனே நினைவுக்கு வந்தது. வந்திருப்பது ஒன்று. இன்னொன்று எங்கே? அச்சுப்பொறியில் தாள் தீர்ந்து விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஒரு மாணவி அலமாரியிலிருந்து தாள்களை எடுத்துத் தட்டில் வைக்கப் போய்க்கொண்டிருந்தாள். “வைக்காதே!” என்று நான் கத்தியதில் அந்தப் பிள்ளை பயந்து தாள்களைக் கீழே போட்டுவிட்டாள்.

இரண்டாவது பிரதி காகிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அச்சு வரிசையைத் திறந்தேன். ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியிலேயே மாணவியின் பெயரும் இருந்தது. ஏனென்றால் கோப்புக்கு நான் வைத்த பெயரே அவளுடைய பெயர்தான். நீக்கினேன். கை நடுங்கியது என்று எழுதினால் மிகையில்லை.

அந்த மாணவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவன் வேறு மாதிரி இருந்திருந்தால், அவள் வீட்டாரின் சொந்தக்காரப் பையனாக இருந்திருந்தால், அலுவலர்கள் போய்ச் சேரும் முன் செய்தி அந்தத் தெருவுக்குப் போயிருக்கும். பாட்டியின் நிலைமையும் என்ன ஆகியிருக்குமோ. அன்று மாலை வகுப்புகள் முடிந்த பிறகு, ஒரு மணி நேரம் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்து, நேற்று உண்மையில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அதிலிருந்துதான் வருகிறது.

பட்டியலில் இருப்பது இயந்திரம் அல்ல

அச்சிடும்போது திரையில் ஒரு பட்டியல் வருகிறது. அதில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஓர் இயந்திரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியல்ல. ஒவ்வொரு பெயரும் ஒரு முகவரிச் சீட்டு. அதற்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று டிரைவர், நம் ஆவணத்தைக் குறிப்பிட்ட அச்சுப்பொறிக்குப் புரியும் மொழியில் மாற்றித் தரும் மென்பொருள். இன்னொன்று போர்ட், மாற்றியதை எந்த வழியாக, எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்கிற தகவல். அது யு.எஸ்.பி. கம்பியாக இருக்கலாம், வலையமைப்பில் ஓர் ஐ.பி. முகவரியாக இருக்கலாம், வன்வட்டில் ஒரு கோப்பாகக்கூட இருக்கலாம்.

இது புரிந்தால் பள்ளிகளில் அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பம் தெளியும். ஒரே அச்சுப்பொறி பட்டியலில் இரண்டு முறை இருக்கும். இரண்டாவதன் பெயருக்குப் பின்னால் ‘காப்பி 1’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும். யாரோ கம்பியைப் பிடுங்கி வேறு யு.எஸ்.பி. துளையில் செருகியிருப்பார்கள். விண்டோஸ் அதைப் புதிய அச்சுப்பொறி என்று எண்ணிப் புதிய முகவரிச் சீட்டு எழுதிவிடும். பழைய சீட்டும் அப்படியே இருக்கும். பழைய பெயருக்கு அனுப்பியவை எதிரே ஆள் இல்லாத வீட்டுக்குப் போன கடிதம் போலக் காத்துக் கிடக்கும். ‘பிரிண்டர் ரிப்பேர்’ என்று ஆள் கூப்பிடுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வலையமைப்பில் உள்ள அச்சுப்பொறிக்கும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். ரவுட்டரை அணைத்துப் போடும்போது சில நேரம் அச்சுப்பொறிக்கு வேறு ஐ.பி. முகவரி கிடைத்துவிடும், கணினியோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரிலோ அச்சுப்பொறியிலோ முகவரியை நிலையாக்கி வைத்தால் இது தீரும்.

இனி என் கடிதத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அலுவலக அச்சுப்பொறியை டீஃபால்ட் பிரிண்டராக, அதாவது எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் கணினி தானாக எடுத்துக்கொள்ளும் அச்சுப்பொறியாக, நான்தான் வைத்திருந்தேன். ஆறு மாதமும் அப்படியே இருக்கும் என்று நம்பினேன். ஆனால் விண்டோஸ் 10-இல் 2015 நவம்பர் மாதப் பதிப்பு முதல் ஒரு வசதி இருக்கிறது. அமைப்புகளில் ‘பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ்’ பக்கத்தில் ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்’ என்று இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்தால், கடைசியாக எந்த அச்சுப்பொறியைப் பயன்படுத்தினோமோ அதையே விண்டோஸ் டீஃபால்ட் ஆக்கிவிடும். விண்டோஸ் 11-இலும் இது உண்டு. எப்போதோ யாரோ அதை இயக்கியிருக்கிறார்கள், நானேகூட இருக்கலாம். அன்று பிற்பகல் சக ஆசிரியர் ஒருவர் விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ்களை ஆய்வக அச்சுப்பொறியில் எடுத்திருக்கிறார். அந்த நிமிடமே டீஃபால்ட் மாறிவிட்டது. அவர் மீது குறையில்லை. அவர் சரியான இடத்துக்குத்தான் அனுப்பினார்.

நான் சொடுக்கிய சிறிய படம் ‘குவிக் பிரிண்ட்’. அது எதையும் கேட்காது. டீஃபால்ட் எதுவோ அங்கே அனுப்பிவிடும். கன்ட்ரோல் விசையையும் பி விசையையும் அழுத்தியிருந்தால் அச்சுப்பொறியின் பெயர் கண் முன்னே வந்திருக்கும். இரண்டு நொடி மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை இது.

சரி, தவறான அச்சுப்பொறிக்குப் போனது. மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டதால் அது ஓடவில்லை. கணினியையும் அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். கணினியை அணைத்தால் எல்லாம் போய்விடும் என்பதுதான் என்னுடைய எண்ணம். பல ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தேன், அவர்களுக்கும் இதே எண்ணம்தான். உண்மையில் நாம் பிரிண்ட் கொடுத்ததும் ஆவணம் நேராக அச்சுப்பொறிக்குப் போவதில்லை. ஸ்பூலர் என்ற சேவை அதை வாங்கி வன்வட்டில் ஒரு கோப்பாக எழுதிவைக்கிறது. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறைதான் அந்தக் காத்திருப்பு அறை. அச்சுப்பொறி தயாரானதும் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது. வன்வட்டில் இருப்பதால் மின்சாரம் போனாலும், கணினியை அணைத்துப் போட்டாலும், அது அழிவதில்லை. அச்சுப்பொறி மெதுவானது, கணினி வேகமானது. இரண்டுக்கும் நடுவே பொறுமையாக நிற்க ஒருவர் வேண்டும் என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு இது. அந்தப் பொறுமைதான் என் கடிதத்தை இரவு முழுவதும் வைத்திருந்து காலையில் பத்தாம் வகுப்புக்குக் கொடுத்தது.

காகிதம் இல்லாத அச்சுப்பொறி

அச்சுப்பொறிப் பட்டியலில் ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டூ பி.டி.எஃப்.’ என்றொரு பெயர் இருக்கும். விண்டோஸ் 10-உடன் வந்தது. அதன் போர்ட் ஒரு கோப்பு. அச்சிடு என்றால் காகிதத்துக்குப் பதில், ‘எங்கே சேமிக்க?’ என்று கேட்டுக் கோப்பாக வைத்துவிடும். கணினியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே, சேருமிடம்தான் வேறு. குரோம் உலாவியில் அச்சிடும் பக்கத்தில் முதல் வரியே ‘டெஸ்டினேஷன்’ என்றுதான் இருக்கிறது. சேருமிடம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ‘பிரிண்டர்’ என்பதைவிட அந்தச் சொல்தான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் கடைசியாகப் பயன்படுத்தியதை நினைவில் வைத்துக்கொள்ளும். காலையில் ஒருவர் ‘சேவ் ஆஸ் பி.டி.எஃப்.’ கொடுத்துவிட்டுப் போயிருந்தால், பிற்பகலில் நாம் அவசரமாக அச்சிடும்போது தாள் வராது. ஒரு கோப்பு டவுன்லோட்ஸ் கோப்புறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தாள் வரவில்லையே என்று நாம் இன்னும் இரண்டு முறை அழுத்துவோம். மூன்று கோப்புகள்.

தாளை யாராவது எடுத்துவிட்டால் அது இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். கோப்பு அப்படியல்ல, இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு யார் திறந்தாலும் திறந்துகொள்ளும். எங்கள் ஆய்வகத்தில் ஒரே பயனர் பெயரில்தான் எல்லோரும் நுழைகிறோம். பொதுக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையை ஒரு நாள் திறந்து பார்த்தேன். எமிஸ் தளத்திலிருந்து எடுத்த மாணவர் பட்டியல்கள், சாதிச் சான்று நகல்கள், ஆசிரியர் ஒருவரின் சம்பளப் பட்டியல், இடைப் பருவத் தேர்வின் கணக்கு வினாத்தாள் ஆகியவை இருந்தன. வினாத்தாள் நான் தயாரித்தது. தேர்வு முடிந்திருந்தது, நல்ல வேளை. நீங்களும் உங்கள் பள்ளிக் கணினியில் இன்று மாலை பார்க்கலாம்.

‘பிரிண்ட் டூ ஃபைல்’ என்பது வேறு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் குழம்பிவிடக் கூடாது. அதைத் தேர்ந்தெடுத்தால் பி.ஆர்.என். என்று முடியும் கோப்பு உருவாகும். அது அந்த ஒரு வகை அச்சுப்பொறியின் மொழியில் எழுதப்பட்டது. வேறு எதற்கும் புரியாது. எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் நாற்பது பக்கப் பயிற்சித்தாளை அப்படிச் சேமித்துப் பென் டிரைவில் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய், கடைக்காரரும் அவரும் அரை மணி நேரம் திண்டாடினார்கள்.

ஜெராக்ஸ் கடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் டோனர் தீர்ந்துபோனால் வினாத்தாளைக் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிடுகிறோம். அதுவும் ஓர் அச்சு வழிதான். அந்தக் கோப்பு நம் கைப்பேசி, அவர் கைப்பேசி, அவர் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ், அந்தக் கணினியின் அச்சு வரிசை, கடைசியில் அவருடைய இயந்திரம் என்று ஐந்து இடங்களில் தங்குகிறது. நம் பிள்ளைகளில் யாரோ ஒருவரின் அண்ணன் அந்தக் கடையில் வேலை பார்ப்பார். கடைக்காரரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. பென் டிரைவில் கொண்டுபோய், அதிலிருந்தே திறந்து, அச்சு முடியும் வரை நின்று, கெட்டுப்போன தாள்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு வரலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார், பிறகு பழகிவிட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளை

இதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு இவர்கள்தான் பிரவுசிங் சென்டரில் ஆதார் அட்டையும் மதிப்பெண் சான்றும் அச்சிடப் போகிறவர்கள். கடிதச் சம்பவத்தைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எனவே கணினியைத் தொடாமல் வகுப்பறையிலேயே ஒரு விளையாட்டாகத் தொடங்கினேன்.

வகுப்பின் இரண்டு மூலைகளில் இரண்டு மாணவர்களை நிறுத்தினேன். ஒருவன் ‘அலுவலகம்’, ஒருவன் ‘ஆய்வகம்’. தங்களுக்கு வரும் சீட்டை உரக்கப் படிப்பதுதான் அவர்கள் வேலை. ஆனால் அலுவலகத்துக்கு எண்கள் மட்டும்தான் புரியும்: அ-வுக்கு 1, ஆ-வுக்கு 2 என்று ஓர் அட்டவணை கொடுத்தேன். ஆய்வகத்துக்குத் தலைகீழாக எழுதினால்தான் புரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர், அவர்கள்தான் டிரைவர்கள். நடுவில் எழுதுபலகைக் கிளிப் அட்டையுடன் ஒரு மாணவி நின்றாள், அவள் ஸ்பூலர். மூன்றாவதாக ஒருவன் மேசை மேல் திறந்த அட்டைப் பெட்டியோடு நின்றான். அவன் பி.டி.எஃப்.; படிக்க மாட்டான், வந்ததைப் பெட்டியில் போடுவான். மற்றவர்கள் ஒரு சிறு சொல்லை எழுதி, சேருமிடத்தையும் மேலே எழுதி அனுப்ப வேண்டும். சேருமிடம் எழுதாத சீட்டுகள் எங்கே போகும் என்பதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதியிருந்தேன்: ‘டீஃபால்ட் – அலுவலகம்’.

முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடியது. வடை, மழை, தாத்தா என்று சீட்டுகள் படிக்கப்பட்டன. பிறகு ‘ஆய்வகம்’ மாணவனிடம் போய்க் காதில், ‘நீ தூங்கு’ என்றேன். அவன் டெஸ்கில் தலை கவிழ்த்துக்கொண்டான். கரும்பலகையில் ‘அலுவலகம்’ என்பதை அழித்து ‘ஆய்வகம்’ என்று எழுதினேன். சிலர்தான் அதைக் கவனித்தார்கள். சேருமிடம் எழுதாத சீட்டுகள் எல்லாம் கிளிப் அட்டையில் சேர ஆரம்பித்தன. அவற்றோடு நானும் ஒரு சீட்டை எழுதிச் சேர்த்தேன். ‘ஒன்பதாம் வகுப்பில் நான் கணக்கில் வாங்கியது 31’ என்று அதில் இருந்தது. உண்மைதான். அடுத்த சில நிமிடம் வேறு பேசினோம். பிறகு அவனை எழுப்பினேன். அவன் அட்டையில் இருந்த எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தான். என் சீட்டு வந்ததும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஒருத்தி மட்டும் சிரிக்காமல், “மிஸ், நீங்க இதை ஹெச்.எம். ரூமுக்குத்தானே அனுப்புனீங்க?” என்றாள். எல்லோரும் கரும்பலகையின் ஓரத்தைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு கேள்விகளை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. “தூங்குற பிரிண்டருக்குப் போனதை முழிச்சிருக்கிற பிரிண்டருக்கு மாத்தி விட முடியாதா மிஸ்?” என்றான் ஒருவன். செய்து பாரு என்றேன். கிளிப் அட்டையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அலுவலகத்திடம் கொடுத்தான். அது தலைகீழ் மொழியில் இருந்ததால் அலுவலகத்தால் படிக்க முடியவில்லை. விண்டோஸிலும் இப்படித்தான். அச்சுப்பொறியின் பண்புகளில் ‘போர்ட்ஸ்’ பகுதிக்குப் போய் இன்னோர் அச்சுப்பொறியின் போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் காத்திருப்பவை அங்கே போகும். ஆனால் இரண்டும் ஒரே மொழி பேசும் அச்சுப்பொறிகளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் பக்கமாகக் கிறுக்கல்தான் வரும். புத்தகத்தில் இருந்து சொல்லியிருந்தால் நானே இதை மறந்திருப்பேன்.

“அனுப்பினதைத் திரும்ப வாங்க முடியுமா?” என்பது அடுத்த கேள்வி. கிளிப் அட்டையில் இருக்கும் வரை முடியும். வாய் திறந்து படித்துவிட்டால் முடியாது. இதில் நடுவே ஒரு நிலை உண்டு: சீட்டு அட்டையை விட்டுப் போய்விட்டது, ஆனால் படிப்பவன் கையில் வைத்திருக்கிறான். உண்மையான அச்சுப்பொறிக்கும் சொந்த நினைவகம் உண்டு. கணினியில் வரிசை காலியாகத் தெரிந்தாலும் ஒரு பகுதி அதற்குள் இருக்கலாம். அச்சுப்பொறியிலேயே உள்ள நிறுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும், அல்லது அதை அணைத்துப் போட வேண்டும்.

பி.டி.எஃப். பெட்டியை யாரும் கவனிக்கவே இல்லை. பாடவேளை முடியும்போது, “அந்தப் பெட்டியில் இருப்பதை யார் படிக்கலாம்?” என்று கேட்டேன். முன் வரிசைப் பையன் எழுந்து பெட்டியைத் தலைகீழாகக் கொட்டிவிட்டான். பதில் கிடைத்துவிட்டது.

அடுத்த நாள் ஆய்வகத்தில் காகிதம் செலவாகாமல் இதையே செய்தோம். அச்சுப்பொறிக்கான வரிசையைத் திறந்து, ‘பாஸ் பிரிண்டிங்’ கொடுத்து நிறுத்திவைத்தேன். சில பதிப்புகளில் இந்தத் தேர்வு மேலேயுள்ள ‘பிரிண்டர்’ பட்டியலுக்குள் இருக்கும், சிலவற்றில் மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும். மாணவர்கள் வரிசையெண்ணை மட்டும் எழுதி ஒவ்வொருவராக அனுப்பினார்கள். ஆவணத்தின் பெயர், அனுப்பியவர், பக்கங்கள், அனுப்பிய நேரம் என்று வரிசையில் ஏறுவதைப் பார்த்தார்கள். பிறகு அவரவருடையதை மட்டும் நீக்க வேண்டும். நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது: ஒருவன் பக்கத்தில் இருந்தவனுடையதையும் நீக்கிவிட்டான். தனித்தனிப் பயனர் பெயர் இருந்தால் ஒருவர் அனுப்பியதை இன்னொரு சாதாரணப் பயனர் நீக்க முடியாது. எங்களிடம் எல்லோருக்கும் ஒரே பெயர். கணினிக்கு நாங்கள் நாற்பது பேரும் ஒரே ஆள். இந்தக் குறையைத் தீர்க்க எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

உங்கள் ஆய்வகத்தில் உபுண்டு போன்ற லினக்ஸ் இருந்தால் இதே பயிற்சியை அதிலும் செய்யலாம். அச்சு வேலைகளைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள். உலாவியின் முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட், ஒரு முக்காற்புள்ளி, 631 என்று தட்டினால் வரும் தளத்தில் அச்சுப்பொறிகளையும் காத்திருப்பவற்றையும் பார்க்கலாம்.

மாற்றிக்கொண்டவை

விண்டோஸ் தானாக டீஃபால்ட்டை மாற்றும் வசதியை எல்லாக் கணினிகளிலும் நிறுத்திவிட்டேன். பட்டியலில் இருந்த ஃபேக்ஸ், ஒன்நோட், பழைய ‘காப்பி 1’ எல்லாவற்றையும் எடுத்தேன். மாடல் எண்ணாக இருந்த பெயர்களை ‘அலுவலகம் கருப்பு வெள்ளை’, ‘ஆய்வகம் – மாணவர்கள் இருப்பார்கள்’ என்று மாற்றினேன். இரண்டாவது பெயரைப் பார்த்துத் தலைமை ஆசிரியர் சிரித்தார். அந்தப் பெயரைப் படித்த பிறகு யாரும் சம்பளப் பட்டியலை அங்கே அனுப்பவில்லை. பண்புகளில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ்’ என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்றும் பார்த்தேன். குறி இருந்தால் அச்சான பிறகும் ஆவணம் வரிசையிலேயே தங்கும்.

குழந்தைகளின் சொந்த விவரம் உள்ள எதையும் இப்போது தலைமை ஆசிரியர் அறைக் கணினியில் மட்டும் தட்டச்சு செய்கிறோம்; அச்சுப்பொறிக்கு அருகில் நின்றுதான் எடுக்கிறோம். கோப்பின் பெயரில் பிள்ளையின் பெயர் வராது, தேதி மட்டும்தான் இருக்கும். தாள் வராவிட்டால் இரண்டாவது முறை அழுத்துவதற்கு முன் வரிசையைத் திறந்து பார்க்கிறோம்.

நீக்கு என்றாலும் நீங்காமல் ‘டெலீட்டிங்’ என்றே நிற்கும் ஆவணங்கள் வரும். அப்போது விண்டோஸின் ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சேவையை நிறுத்தி, முன்பு சொன்ன ஸ்பூல் கோப்புறைக்குள் உள்ள பிரிண்டர்ஸ் கோப்புறையில் இருக்கும் கோப்புகளை மட்டும் அழித்து, சேவையை மறுபடி தொடங்க வேண்டும். கோப்புறையை அழித்துவிடாதீர்கள். நிர்வாகி உரிமை உள்ள கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். எல்லா அச்சுப்பொறிகளுக்கும் காத்திருப்பவை ஒன்றாகப் போய்விடும் என்பதால், அலுவலகத்தில் யாராவது அந்தக் கணினி வழியே அச்சிட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

அந்த மாணவி ஜனவரி மூன்றாவது வாரம் வகுப்புக்குத் திரும்பி வந்தாள். இப்படி ஒரு தாள் வந்ததோ போனதோ அவளுக்குத் தெரியாது.

ஆய்வகப் பதிவேட்டில் ஒரு பத்தி கூட்டியிருக்கிறேன். தேதி, வகுப்பு, வந்த நேரம், போன நேரம் இவற்றுக்குப் பக்கத்தில் ‘வரிசை காலியா?’ என்று இருக்கும். மாலையில் கடைசியாக வெளியேறும் வகுப்பின் தலைவர் பார்த்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலான நாட்களில் ‘ஆம்’ என்றுதான் இருக்கிறது. போன மார்ச் மாதம் ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவி எழுதியிருந்தாள்: ‘இல்லை. 1 இருந்தது. எங்களுடையது இல்லை. தாள் வைக்கவில்லை. மிஸ்ஸைக் கூப்பிட்டோம்.’